நோயாளிக்கென்றே செய்த கைடு: ஓட்டிஸ்னீயிலிருந்து ஷேப்மேட்ச் வரை, முழங்கால் மாற்றில் கோணம் தவறிய கதை

முழு முழங்கால் மாற்று அறுவையில் தொடை, கீழ்க்கால் எலும்புகளில் விழுவது அடிப்படையில் ஆறு வெட்டு. தொடை எலும்பின் கீழ்முனையில் ஐந்து: அடியில் ஒன்று, முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று, மூலைகளைச் சீவ இரண்டு. கீழ்க்கால் எலும்பின் தலையில் ஒன்று. இந்த ஆறும் சரியாக விழுந்தால் இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்கு இறங்கும் சுமைக் கோடு செயற்கை மூட்டின் நடுவே போகும், தசைநார்களும் இரு பக்கமும் ஒரே இழுவையில் நிற்கும். ஒரு வெட்டு மூன்று, நான்கு டிகிரி சாய்ந்தாலும் அதற்குள் பொருத்தும் உலோகம் அந்தச் சாய்வோடுதான் நிற்கும். பிறகு அதைச் சரிசெய்ய வேண்டுமானால் மறு அறுவைதான்.

வழக்கமான முறையில் தொடை எலும்பின் அடியில் துளையிட்டு, மஜ்ஜைக் குழிக்குள் நீண்ட உலோகக் கம்பியை ஏற்றுவார்கள். குழியின் அச்சும் சுமைக் கோடும் ஒன்றல்ல, இடையே சுமார் 5 முதல் 7 டிகிரி வித்தியாசம் உண்டு. அந்தக் கோணத்தை, ரம்பத்தை வழிநடத்தும் உலோக பிளாக்கில் வைத்து வெட்டுவது வழக்கம். தொடை எலும்பு வெளிப்பக்கம் வளைந்தவர்களுக்கு இந்தச் சராசரிக் கணக்கு பொய்த்துப்போகும். இந்தியா உட்பட ஆசிய நாட்டு நோயாளிகளில் இத்தகைய வளைவு அரிதல்ல. பழைய எலும்பு முறிவுக்கு ஆணியோ தகடோ ஏற்கெனவே உள்ளே இருந்தால் கம்பியை ஏற்றவே முடியாது.

ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகச் செய்த கைடு இந்த இடத்தில்தான் வந்தது. யோசனை எளிமையானது. ஸ்கேனிலிருந்து முழங்காலின் முப்பரிமாண மாதிரி செய்து, எங்கே வெட்ட வேண்டும் என்பதைக் கணினியிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு அந்த எலும்பின் மேடுபள்ளத்தில் மட்டும் கச்சிதமாக உட்காரும் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செய்து, எலும்பில் அடிக்கும் சிறு ஆணிகள் (பின்கள்) போகும் துளைகளையும் ரம்பம் போகும் பிளவையும் அதிலேயே வைத்துவிட வேண்டும். ஜெர்மனியின் ஆஹன் நகரில் கிளாவ்ஸ் ராடர்மாகர் குழு 1990களிலேயே இந்த வழியை எலும்பு அறுவைக்குக் காட்டியிருந்தது. முழங்கால் மாற்றில் அதைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனங்களில் முந்தியது கலிபோர்னியாவின் ஓட்டிஸ்மெட். அதன் ஓட்டிஸ்னீ கைடுக்கும், பின்னாளில் ஸ்ட்ரைக்கர் நிறுவனம் விற்ற ஷேப்மேட்ச் கைடுக்கும் நடந்தவை இந்தத் தொழில்நுட்பம் எங்கெங்கே கழன்றுபோகும் என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

இலக்கையே மாற்றிய கைடு

ஓட்டிஸ்னீ எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துச் செய்யப்பட்டது. மென்பொருள் முதலில் நோயுற்ற முழங்காலை நோய்க்கு முந்தைய நிலைக்குத் திருப்பும். தேய்ந்த குருத்தெலும்பை நிரப்பி, முளைத்த எலும்பு முட்களைக் கழித்து, மூட்டின் பழைய வடிவத்தைக் கணக்கில் மீட்டெடுக்கும். பிறகு அந்த வடிவத்தின் மேல் செயற்கை மூட்டைப் பொருத்திப் பார்த்து, வெட்டும் தளங்களைத் தீர்மானிக்கும். இன்று 'கினமாட்டிக்' நேரமைப்பு என்று சொல்லப்படும் வழி இது. கலிபோர்னியாவின் ஸ்டீபன் ஹோவெல் இதன் முன்னோடி. இயல்பிலேயே சற்று வில்காலாக இருந்தவருக்கு அந்த வில்காலையே திருப்பித் தருவது இதன் நோக்கம்.

உலகெங்கும் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் பழகியிருந்த இலக்கு வேறு. சுமைக் கோட்டுக்குச் செங்குத்தாக இரு எலும்பையும் வெட்டி, காலை நேராக்குவதே அவர்களுக்குச் சரி. மூன்று டிகிரிக்கு மேல் விலகினால் தவறு என்பது அவர்களின் அளவுகோல். 2008இல் வெளிவந்த ஒரு சிறு அறிக்கையில், நான்கு முழங்கால்களில் ஓட்டிஸ்னீ கைடு காட்டிய வெட்டுத் தளத்தைக் கணினி வழிநடத்தலால் அளந்து பார்த்தார்கள். சுமைக் கோட்டிலிருந்து மூன்று டிகிரிக்கும் மேல் விலகும் என்று தெரிந்தது. நான்கு முழங்கால் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அது எழுப்பிய கேள்வி சிறியதல்ல.

அந்த விலகலுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கைடு தன் திட்டத்தைத் தவறவிட்டிருக்கலாம். அல்லது தன் திட்டத்தை அட்சரசுத்தமாக நிறைவேற்றியும், அந்தத் திட்டமே வேறோர் இலக்கை நோக்கியதாக இருந்திருக்கலாம். அறுவை மேசையில் நிற்பவருக்கு இந்த இரண்டும் ஒரேபோலத்தான் தெரியும். கைடு துல்லியமானதா என்று கேட்பவர் முதலில் எந்த இலக்குக்குத் துல்லியம் என்று கேட்டாக வேண்டும். திட்ட அறிக்கையில் இலக்குக் கோணம் எண்ணாக எழுதப்படாத கைடை யாராலும் சரிபார்க்க முடியாது.

எந்த இலக்கு நோயாளிக்கு நல்லது என்பது தனி விவாதம், அது இன்னும் முடியவில்லை. அமெரிக்காவில் 88 நோயாளிகளிடம் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் கைடு கொண்டு கினமாட்டிக் முறையில் செய்தவர்களுக்கு வலியும் இயக்கமும் மேலாக இருந்தன. நியூசிலாந்தில் 99 முழங்கால்களில் நடந்த ஆய்வில் அப்படி எந்த வித்தியாசமும் காணப்படவில்லை.

அனுமதியில்லாமல் போன 218 கைடுகள்

2006 மே முதல் 2009 செப்டம்பர் வரை ஓட்டிஸ்மெட் 18,000க்கும் மேற்பட்ட கைடுகளை விற்றது. வருவாய் சுமார் 2.71 கோடி டாலர். இந்தக் காலம் முழுவதும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதி அந்தக் கருவிக்கு இல்லை. ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவிக்கு ஈடானது என்று காட்டிப் பெறும் 510(கே) அனுமதிக்கு நிறுவனம் விண்ணப்பித்ததே 2008 அக்டோபரில்தான். 2009 செப்டம்பர் 2 அன்று விண்ணப்பம் மறுக்கப்பட்டது. சட்டப்படி விற்கப்படும் கருவிகளுக்கு இணையான பாதுகாப்பும் பயனும் உண்டு என்று நிறுவனம் நிறுவவில்லை என்பது காரணம். அதற்கடுத்த வாரத்தில், செய்து தயாராக இருந்த 218 கைடுகள் நிறுவனத் தலைவரின் முடிவால் மருத்துவர்களுக்கு அனுப்பப்பட்டன.

2009 நவம்பரில் ஸ்ட்ரைக்கர் ஓட்டிஸ்மெட்டை வாங்கியது. குற்றம் அந்த விற்பனைக்கு முந்தையது. 2014 டிசம்பரில் நியூஜெர்சியின் நுவார்க் நகர நீதிமன்றத்தில் ஓட்டிஸ்மெட் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம், பறிமுதல், உரிமையியல் தீர்வு எல்லாம் சேர்த்து 8 கோடி டாலருக்கும் மேல். முன்னாள் தலைவருக்கு 2015இல் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அனுமதி என்பது வெறும் காகிதம் என்று நினைப்பவர்கள் இங்கே ஒன்றைப் பார்க்க வேண்டும். கைடு என்பது ஒரே பொருள் அல்ல. 18,000 கைடு என்றால் 18,000 வெவ்வேறு வடிவம். ஒன்றைச் சோதித்து மற்றதை நம்பிவிட முடியாது. படம் எடுப்பது முதல் பொட்டலம் கட்டுவது வரை உள்ள முறையைத்தான் சோதித்தாக வேண்டும். அந்தச் சோதனை நடக்காத இடத்தில் ஒவ்வொரு நோயாளியும் தனியொரு முதல் சோதனைதான்.

திட்டம் ஒன்று, கைக்கு வந்தது ஒன்று

ஷேப்மேட்ச் அனுமதி பெற்ற கருவி. ஸ்ட்ரைக்கரின் டிரையத்லான் மூட்டுக்கென 2011 மே முதல் விற்பனைக்கு வந்தது. அறுவை மருத்துவர் இணையப் பக்கத்தில் நுழைந்து, வெட்டின் ஆழம், கோணம் போன்றவற்றைத் தானே திருத்தி ஒப்புதல் தர முடிந்தது. நோயாளிக்கென்று செய்யும் கருவியில் மருத்துவரின் தீர்ப்பும் சேரும் இடம் இதுதான்.

மருத்துவரின் திட்டத்தையும் கைக்கு வரும் கைடையும் இணைக்கும் சங்கிலி அறுந்ததும் இதே இடத்தில்தான். மென்பொருள் குறைபாடுகளால், மருத்துவர் பதிந்த அளவுகளுக்குப் பொருந்தாத கைடுகள் தயாராகி வந்தன. 2012 நவம்பரில் நிறுவனம் பயன்பாட்டை நிறுத்தச் சொல்லி மருத்துவர்களுக்கு எழுதியது. 2013 ஏப்ரலில் இந்தக் கைடுகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுதல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தால் முதல் வகுப்பாக வகைப்படுத்தப்பட்டது. கடுமையான தீங்கோ மரணமோ நேர நியாயமான வாய்ப்பு உண்டு என்று கருதும்போது மட்டும் தரப்படும் வகுப்பு அது. மூட்டு நிலைகுலைவு, எலும்பு முறிவு, மறு அறுவை, தீராத வலி, நடமாட்டக் குறைவு ஆகியவை எச்சரிக்கையில் சொல்லப்பட்டன. 2011 மே முதல் 2012 நவம்பர் வரை விற்கப்பட்டவை அதில் அடங்கும்.

இதில் மிகவும் கலங்க வைப்பது, அந்தக் கைடுகள் எலும்பின் மேல் நன்றாகவே உட்கார்ந்திருக்கக்கூடும் என்பது. உட்காரும் பரப்பு ஸ்கேனிலிருந்து வருகிறது. பிளவின் இடம் திட்டத்திலிருந்து வருகிறது. முன்னது சரியாகவும் பின்னது தவறாகவும் இருந்தால் கைடு ஆடாது, அசையாது, கச்சிதமாக அமர்ந்து தவறான இடத்தில் வெட்டித் தரும். 'நல்லா சீட் ஆயிடுச்சு' என்ற ஒரு சொல்லை நம்பி ரம்பத்தை எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மேசையில் எங்கே பிசகும்

மென்பொருள் சரியாக இருந்தாலும் அறுவை தியேட்டருக்குள் தவறு நுழைய வேறு வாசல்கள் உண்டு. இந்தப் பகுதியை விரிவாகவே சொல்ல வேண்டும். அன்றாடம் கோணம் கெடுவது இங்கேதான்.

படத்திலிருந்தே தொடங்கலாம். எம்.ஆர்.ஐ.யில் குருத்தெலும்பு தெரியும். ஆகவே அந்தக் கைடு குருத்தெலும்பின் மேலேயே உட்காரும், அதைச் சுரண்டக் கூடாது. சி.டி.யில் எலும்பு மட்டுமே தெரியும். ஆகவே அந்தக் கைடின் ஒவ்வொரு ஊன்றுகால் படும் இடத்திலும் மிச்சமுள்ள குருத்தெலும்பை எலும்பு வரை சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கு காட்டும். தொடை எலும்பின் அடியில் கைடின் இரு கால்களுக்கு இடையே தூரம் 48 மி.மீ. என்று வைப்போம். ஒரு பக்கம் மட்டும் 2 மி.மீ. குருத்தெலும்பு சுரண்டாமல் நின்றால் வெட்டு 2.4 டிகிரி சாயும். வேறெதுவும் பிசகாமல் இந்த ஒன்றே மூன்று டிகிரி வரம்பில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது நோயாளி காலை அசைத்தால் மாதிரியின் ஓரங்கள் மங்கும். மங்கிய ஓரத்தைப் பொறியாளர் கையால் வரைந்து நிரப்புவார், அது ஊகமாகிவிடும். முழங்காலுக்கு அருகே பழைய ஆணியோ தகடோ இருந்தால் எம்.ஆர்.ஐ. படம் கெட்டுப்போகும், சி.டி.தான் வழி. படம் எடுத்துப் பல மாதம் கழித்து அறுவைக்கு வந்தால் எலும்பு முட்கள் வளர்ந்திருக்கும், குருத்தெலும்பு மேலும் தேய்ந்திருக்கும். பழைய வடிவத்துக்குச் செய்த கைடு புது வடிவத்தில் உட்காராது. அப்போது புதுப் படம் எடுக்க வேண்டும்.

அடுத்தது திட்டத்துக்கு ஒப்புதல் தருவது. பொறியாளர் அனுப்பும் முதல் திட்டம் ஒரு முன்மொழிவுதான். வலதா இடதா, இடுப்பு மையமும் கணுக்கால் மையமும் எங்கே குறிக்கப்பட்டுள்ளன, தொடை எலும்பின் சுழற்சி எதை வைத்துக் கணக்கிடப்பட்டது, கீழ்க்கால் எலும்பின் பின்சரிவு (வெட்டு பின்னோக்கிச் சரியும் கோணம்) எத்தனை டிகிரி, ஒவ்வொரு பக்கமும் எத்தனை மி.மீ. வெட்டு, மூட்டின் அளவு எண் என்ன என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நின்றபடி எடுத்த முழுக்கால் எக்ஸ்ரேயை அருகில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. படுத்த நிலையில் எடுத்த ஸ்கேன் எலும்பின் வடிவத்தைச் சொல்லும், தசைநார்கள் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்பதைச் சொல்லாது.

கைடு வந்து சேர்ந்ததும் அதில் பொறித்த நோயாளி எண்ணும் பக்கமும் திட்டக் காகிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலும் கைடோடு எலும்பின் பிளாஸ்டிக் மாதிரியும் வரும். அறுவைக்கு முன் கைடை அந்த மாதிரியில் பலமுறை பொருத்தி எடுத்துப் பழக வேண்டும். சரியாக அமரும்போது கைக்குக் கிடைக்கும் உணர்வை மூட்டைத் திறப்பதற்கு முன்பே அறிந்திருக்க அதுவே வழி. நைலான் கைடுகளை நீராவியில் கிருமி நீக்கும்போது கனமான உலோகப் பொருள்களின் அடியில் வைக்கக் கூடாது, மெல்லிய கால்கள் வளைந்துவிடும்.

மூட்டைத் திறந்த பிறகு எலும்பு முட்களை உடனே வெட்டி எறியும் பழக்கத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். முட்களின் மேல் உட்காரும்படி கைடு வடிவமைக்கப்பட்டிருந்தால் அவற்றை எடுத்ததும் கைடு அனாதையாகிவிடும். கைடு உட்காரும் இடம் எது, தவிர்க்கும் இடம் எது என்பது திட்டப் படத்தில் குறிக்கப்பட்டிருக்கும். தொடை எலும்பின் முன்பக்கத்தில் கைடு படும் இடத்தில் மூட்டுச் சவ்வையும் கொழுப்பையும் முழுக்க விலக்க வேண்டும். அங்கே சிக்கிய ஒரு மெல்லிய சவ்வு கைடை முன்னே தூக்கி, வெட்டை வளைந்த நிலைக்குத் தள்ளும்.

கீழ்க்கால் எலும்பில் சிக்கல் இன்னும் அதிகம். பரப்பு தட்டையாக இருப்பதால் கைடுக்குப் பிடிமானம் குறைவு. வெளிப்பக்கம் முழங்கால் சில்லின் தசைநாண் இடிக்கும், முன்னால் கொழுப்பு மெத்தை தள்ளும். முன்னிருந்து பின் வரை 45 மி.மீ. நீளமுள்ள பரப்பில் கைடின் முன் ஊன்றுகால் ஒரு மி.மீ. தூக்கி நின்றால் பின்சரிவு 1.3 டிகிரி கூடிவிடும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் கைடுகள் கீழ்க்கால் எலும்புப் பக்கம்தான், அதிலும் பின்சரிவில், அதிகம் சறுக்கின. தொடை எலும்புப் பக்கம் ஓரளவு நன்மை தெரிந்தது. ஆகவே தொடை எலும்புக்குக் கைடையும் கீழ்க்கால் எலும்புக்கு, காலின் வெளியே வைத்துக் கோணம் பார்க்கும் வழக்கமான கம்பியையும் பயன்படுத்துவது கோழைத்தனமல்ல, அறிவான முடிவு.

கைடை அமர்த்திய பிறகு நடுவில் ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, ஓரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். எந்த ஓரமாவது ஆடினால் பின் அடிக்கக் கூடாது. தொடை எலும்பில் சுழற்சியைக் காட்டும் இரு துளைகள் நடுப்பள்ளத்தின் முன்பின் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்கலாம். கீழ்க்கால் எலும்பில் நேர்க் கம்பியைக் கைடிலிருந்து கணுக்கால் வரை இறக்கிப் பார்க்க வேண்டும். எலும்பின் நீளம் 360 மி.மீ. என்றால் ஒவ்வொரு டிகிரிக்கும் கம்பியின் நுனி 6 மி.மீ.க்குச் சற்று மேல் விலகும். நுனி கணுக்கால் மையத்திலிருந்து 19 மி.மீ. தள்ளி நின்றால் மூன்று டிகிரி போய்விட்டது என்று பொருள். கணுக்கால் மையம் என்பது கணுக்காலின் இருபுறமும் துருத்தும் எலும்பு முனைகளுக்குச் சரிநடுவும் அல்ல, சில மி.மீ. உள்பக்கம் தள்ளியிருக்கும்.

பிளாஸ்டிக் பிளவுக்குள் நேரடியாக ரம்பம் ஓட்டும் கைடுகளில் பிளவின் ஓரம் தேயும், தூளும் உதிரும். உலோக பிளாக்கை அதே பின்களின் மேல் மாட்டி வெட்டுவது பாதுகாப்பு. எப்படி வெட்டினாலும் தூளைக் கழுவி எடுக்க வேண்டும்.

பிறகு வருவது விலை குறைந்த, ஆனால் எதையும் மறைக்காத கருவி: தடிமன் அளக்கும் காலிப்பர். வெட்டி எடுத்த எலும்புத் துண்டை அளந்தால் கைடு திட்டத்தை நிறைவேற்றியதா என்று அங்கேயே தெரிந்துவிடும். தொடை எலும்பின் அடியில் பொருத்தப் போகும் உலோகத்தின் தடிமன் 8 மி.மீ. என்று வைப்போம். மூட்டின் பழைய மட்டத்தைத் திருப்பித் தருவது திட்டமானால், தேயாத பக்கத்துத் துண்டு குருத்தெலும்போடு சேர்த்து 7 மி.மீ. இருக்க வேண்டும். ரம்பத் தகடு தின்றது ஒரு மி.மீ. முழுக்கத் தேய்ந்த பக்கத்தில் குருத்தெலும்பின் 2 மி.மீ. இல்லாததால் துண்டு 5 மி.மீ. இருக்கும். கினமாட்டிக் முறையைப் பின்னாளில் சாதாரணக் கருவிகளைக் கொண்டே செய்யத் தொடங்கியபோது ஹோவெல் நம்பியது இந்தக் காலிப்பர் கணக்கைத்தான். நேர்க்கால் இலக்கிலும் இதே சோதனை செல்லும், எண்கள் மட்டும் திட்டக் காகிதத்திலிருந்து வரும். ஷேப்மேட்ச் வகைத் தவறைக் கண்டுபிடிக்கவும் இந்த அளவே உதவும். அதற்கு மருத்துவர் தான் பதிந்த எண்களைத் தனியே அச்சிட்டுத் தியேட்டர் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். கைடோடு வரும் காகிதத்தை மட்டும் நம்பினால் அதுவும் அதே மென்பொருளிலிருந்து வந்தது என்பதை மறந்தவர்களாவோம்.

துண்டு 2 மி.மீ. மெலிதாக வந்தால் பின்களை எடுக்காமல் பிளாக்கின் 2 மி.மீ. துளைக்கு மாற்றி மறுபடி வெட்டலாம். ஒரு பக்கம் மட்டும் மெலிதாக இருந்தால் கோணம் சாய்ந்திருக்கிறது. அப்போது 2 டிகிரி திருத்தும் பிளாக் வேண்டும். தடிமனாக வந்துவிட்டால் எலும்பு போய்விட்டது, திரும்ப வராது. அந்தப் பக்கம் சிமெண்டோ உலோக ஆப்போ வைத்து மட்டம் கூட்ட வேண்டியிருக்கும். தவறைத் திருத்த இடம் கிடைக்க வேண்டும் என்பதால் முதல் வெட்டைச் சற்றுக் குறைவாக எடுத்து, அளந்து, பிறகு மிச்சத்தை எடுப்பவர்கள் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் வழக்கமான கருவிகளின் டிரே கிருமி நீக்கித் தியேட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். கைடு வந்ததால் டிரேக்களின் எண்ணிக்கை குறையும் என்பது அதன் விற்பனை வாதங்களில் ஒன்று. கைடு ஆடும்போது அந்த டிரே வேறு மாடியில் இருந்தால், மயக்க நிலையில் உள்ள நோயாளியின் திறந்த முழங்காலுக்கு முன் நின்றுகொண்டு, ஆடுகிற கைடிலேயே பின் அடிக்கத்தான் கை போகும்.